முப்பத்தெட்டு

ஏப்ரல் 22, 2003. செவ்வாய்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மூன்றாம் வாரமே மகள் கவிதாவைத் தனி அறையில் அடைத்துவிட்டார்கள். உடன் தங்கியிருந்த பெண்ணுக்கு சார்ஸ் என்ற தொற்றுக் காய்ச்சல். பத்து நாள் வெளியே வரக் கூடாது. மாலை செம்மேடு போன் பூத்திலிருந்து பேசினேன். காய்ச்சல் முப்பத்தெட்டு என்றாள். நாளையும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியாம். "அப்பாகிட்டச் சொல்லிராதீங்கம்மா. அவரு நெஞ்சு தாங்காது."

அடைத்து வைத்துத் தினம் காய்ச்சல் அளக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "புள்ளைக்குக் காய்ச்சல் எத்தனையாம்?"

பொய் சொல்ல வரவில்லை. முப்பத்தெட்டு என்றேன்.

அவர் சிரித்தார். "நம்மூரு தர்மாமீட்டர்ல தொண்ணூத்தெட்டு இருந்தாலே ஒண்ணுமில்லைங்கறாங்க. இவளுக்கு முப்பத்தெட்டா? ஏசியில கெடந்து ஐஸாயிட்டா போல என் கண்ணு!"

அங்கே அளவு வேறு, செல்சியஸ். நம் கணக்கில் அது நூறைத் தாண்டிய காய்ச்சல். இருபது வருடமாகப் பள்ளியில் இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறேன். இன்று வாயைத் திறக்கவில்லை.

பல நாளுக்குப் பிறகு அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். நாளை பூத்துக்குத் தானும் வருவாராம். "எத்தனைன்னு நானே கேக்கறேன்" என்கிறார்.

நாற்பது என்று அவள் சொன்னாலும் அவர் சிரிப்பார். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.