நீதிபதி வாசித்த பத்தி

அன்புள்ள உனக்கு,

பாபடோயிட்டோயில் உன் தங்கை வீட்டில் குளிருக்குப் போதுமான போர்வை இருக்கிறதா?

"கோர்ட்ல என்னதான் நடந்துச்சு, சொல்லுங்களேன்" என்று போனில் கேட்டாய். சட்டக் கல்லூரியில் வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வகுப்பு இல்லை.

இத்தனை வருடம் மேல்முறையீட்டு வழக்குகள் நடத்தியும் கைதியின் முகத்தை நான் கவனித்ததில்லை. விசாரணைப் பதிவுகளைப் படித்தால் போதும், அதுதான் எங்கள் வேலை. அன்றைக்குப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, சிறையிலிருந்து வீடியோவில் தெரிந்த முகத்தைப் பார்த்தேன். நம் பையன் நரேந்திரன் இளைத்துவிட்டான்.

குற்றம் நடந்த நேரத்தில் அவன் ஒடாஹுஹு கடையில் நின்றதைப் பார்த்தவரின் சாட்சியத்தை நம் வக்கீல் முன்வைத்தார். முதல் விசாரணையிலேயே தேடியிருந்தால் கிடைத்திருக்கும் சாட்சியத்தை இப்போது ஏற்கக் கூடாது என்று நீதிபதி ஒரு புத்தகத்திலிருந்து வாசித்தார். என் புத்தகம். அவன் பெயருக்குப் பின்னால் என் பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். குடும்பப் பெயர் வேறு வேறு; நாங்கள் அப்பனும் மகனும் என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? என் பெயரை மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

அதைக் கேட்டதும் திரையில் நம் பையன் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தான். அப்பா பேரையே சொல்கிறார்கள், இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறான்.

தீர்ப்பு இன்று வந்தது, தள்ளுபடி. நான் எழுதியது சரியான சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க வேண்டும். நீயும் வா. அவன் வருவான் என்று வாங்கிவைத்த புதுப் போர்வையைக் கொண்டுவருகிறேன், நீயே போர்த்திக்கொள்.

இப்படிக்கு,
மாசி புறநகரில் நம் வீட்டில் தனியாக இருப்பவன்