கயிற்றில் ஓர் ஆள் இடம்

நைனாவுக்கு ஹேமாவதியின் வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? லண்டனில் நான் சுகம்தான்.

இந்த இசை நாடகத்தில் வலை இழுக்கும் ஆட்டத்தை நானே அமைத்து, ஏழு பேருக்குக் கற்றுக்கொடுக்கிறேன். கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனுக்காக, நம் கரை வழக்கப்படி, கயிற்றில் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

நேற்று அந்தக் காலி இடத்துக்குப் பின்னால் நிற்கும் பெண் இடது காலையே முதலில் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "முன்னால் நிற்பவர் அப்படித்தான் வைக்கிறார்" என்றாள். வலை இழுக்கையில், "இன்னாடா, வலது கால வையிடா" என்று அண்ணனைத் திட்டுவீர்களே, நினைவிருக்கிறதா? அவள் களைப்பில் உளறியிருப்பாள், பயப்படாதீர்கள்.

அண்ணனின் தலைத்துண்டைத் துவைக்காமல் அனுப்புங்கள், மேடைக்குத்தான். ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பெண்ணை நான் திருத்தவில்லை, நைனா. மற்ற ஆறு பேரையும் இடது காலை வைக்கச் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்
ஹேமா