பத்தாவது கோட்டுக்குத் தெற்கே

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் நல்ல பனி. ஜாக்கெட் இரண்டு, சுடிதார் ஒன்று வெட்டியாச்சு. காஜா பாக்கி.

மத்தியானம் வீட்டுக்காரர் கடைக்குச் சோறு கொண்டு போனேன். பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் எடுக்க வந்தவர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து, "என்னண்ணே, ரேடியோல ஜெயிச்சதா?" என்றார். இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆமப்பா. போன வருசப் போட்டி. பாறை மேல ஒக்காந்து தனி ஆளாப் பண்ணுனது."

தனி ஆளாவா! தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்கிறேன். அன்றைக்குப் பாதி நேரம் மைக் யார் கையில்? வெயில் தாங்காமல் இவர் காருக்குள் சுருண்டபோது தொண்டை கிழியக் கத்தியது யார்? ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். ரேடியோவில் பெயருக்குப் பதில் சொல்கிற அழைப்புக்குறி எனக்கும் சொந்தமாக இருக்கிறது. முடிவை அனுப்பும்போது தன்னுடையதை மட்டும் போட்டு அனுப்பினார். அதையே கஷ்டப்பட்டு விழுங்கியிருந்தேன். இப்போது இது வேறு.

சட்டியை டொக்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கெழம போட்டிக்கு நான் தனியாப் போறேன். கடல் பக்கம்."

"ஸ்கூட்டில எங்கிட்டுடி போவ?"

"எங்கிட்டோ போறேன். நீங்க ஒங்க பாறைக்குப் போங்க."

அதோடு பேச்சு நின்றது.

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில். தையல் கடையில் கூட்டம் இல்லை. ஆன்டெனா வேலை.

குழாய் மூன்று துண்டு. அதில் குறுக்கே வைக்க ஸ்டீல் அளவு நாடாவை வெட்டிக்கொண்டேன். மடக்கினால் மடங்கும், விட்டால் நிமிரும், ஸ்கூட்டிக்கு இதுதான் தோது. துணி வெட்டுகிற கைக்கு அளவு பிசகாது. ஒரு நாடா வீணாகிவிட்டது, போகட்டும்.

எடுத்து வைக்க: பேட்டரி. கேபிள். சின்ன ரேடியோ. குடை. தண்ணீர். புளிச்சோறு. கயிறு (நிறைய).

சாயங்காலம் குழம்பை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "சாப்புடுறவங்க சாப்புடலாம்." அவரும் சுவரிடமே, "உப்புப் பத்தல," என்றார். பத்தாதுதான். வேண்டுமென்று செய்யவில்லை.

பிப்ரவரி 7, சனி

ஜாக்கெட்டுக்காரி வந்தாள். ஆன்டெனாவைப் பார்த்து, "இதுனால என்னக்கா கெடைக்கும்?" என்றாள். ஒன்றும் கிடைக்காதுதான். ஆலங்குடியில் தையல் மிஷினுக்கு முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருப்பவளின் குரல், கம்பி இல்லாமல் டவர் இல்லாமல் நாகப்பட்டினத்தில் போய் இறங்குகிறது. அதற்கு ஆசைப்பட்டுத்தான் படித்தேன். அதை இவளிடம் எப்படிச் சொல்ல? "சும்மாதாம்மா" என்றேன்.

அவர் பெயரை இதுவரை நான் வாயால் சொன்னதில்லை. ரேடியோவில் அழைப்புக்குறி சொல்லித்தான் கூப்பிடுவேன். அது பெயரில் சேர்த்தி இல்லை என்று மாமியாரே ஒத்துக்கொண்டார்! என் அழைப்புக்குறியை இவர் கடைசியாக எப்போது சொன்னார்? நினைவில்லை. பக்கத்தில் இருக்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும்?

பாறைக்குப் போக அவரும் காரில் சாமான் ஏற்றிவிட்டார். தனித்தனியாக. கோபம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இருட்டோடு கிளம்பினேன். அறந்தாங்கி தாண்டிப் பனி, முன்னால் போகிற வண்டி தெரியவில்லை. பனி இப்படி இறங்கினால் சிக்னல் வெகுதூரம் போகும். அதில் சந்தோஷம்.

மணமேல்குடி தாண்டி ரோட்டோரத்தில் ஆன்டெனாவைக் கட்டி முடித்து போனைப் பார்த்தால், தப்பான இடம். போட்டியில் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். மாவட்டம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே கட்டம். பத்தாவது அட்சக்கோட்டுக்குத் தெற்கே வேறு கட்டம், அங்கிருந்து பேசினால் எல்லாருக்கும் கூடுதல் மார்க். நான் கோட்டுக்கு வடக்கே நிற்கிறேன். கோடு எங்கே என்று தரையில் எழுதியா வைத்திருக்கிறது? அவிழ்த்து, கட்டி, மறுபடி ஓட்டினேன். இவர் இருந்திருந்தால் முதலிலேயே போனைப் பார்த்திருப்பார். அதை நினைத்ததற்கே என் மேல் எரிச்சல்.

கோட்டைப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால், டீக்கடை ஓரம். கடைக்காரர் வெளியே வந்தார்.

"என்னம்மா, மீன் முள்ளு மாதிரி நட்டுருக்கீங்க? டவர் கம்பெனியா?"

"இல்லண்ணே. ரேடியோப் போட்டி."

"பொம்பள ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான்."

"அப்ப மொதல்ல டீயக் குடிங்க."

ரேடியோவில் தஞ்சாவூர் ஐயாதான் முதலில் கிடைத்தார். ரிட்டையர் ஆன வாத்தியார். சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று சொல்லி, பிறகு வரிசை எண் கொடுக்க வேண்டும்: முதல் ஆளுக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு. அவருக்கு ஒன்று கொடுத்தேன். காரைக்காலுக்கு இரண்டு. பிறகு மளமளவென்று வந்தார்கள். தெற்குக் கட்டம் என்றதும் வரிசை கட்டினார்கள். என் அழைப்புக்குறியை இத்தனை பேர் வாயால் கேட்டதே இல்லை. நல்லாத்தான் இருந்தது.

இவர் பாறை இருக்கிற பொன்னமராவதிப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரைச்சல் மட்டும். போனில் பேசி வைத்துக்கொண்டு தொடர்பு எடுப்பது விதிப்படி தப்பு. அதனால் கேட்கவும் முடியாது.

வெயில் ஏறியது. தஞ்சாவூர் ஐயா மறுபடி வந்தார், இன்னொரு அலைவரிசையில். "ஏம்மா, ஒங்க வீட்டுக்காரர் ரிசீவர்ல எதுவும் கோளாறா? அவரு குரல் மங்கலாக் கேக்குது, வார்த்த புரியல. நாங்க எத்தன பேரு கூப்புட்டும் பதிலே வரல."

கேபிளா? இல்லை, மயக்கம் கியக்கமா? மொட்டைப் பாறை, தண்ணீர் எடுத்துப் போனாரோ இல்லையோ. உப்பில்லாத குழம்பு வேறு. போட்டியாவது ஒன்றாவது என்று போனை எடுத்துவிட்டேன். நம்பரை அழுத்தும் முன் கடைசியாக ஒருமுறை குழாயைப் பிடித்து மேற்கே திருப்பினேன்.

இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல். என் அழைப்புக்குறி. மறுபடி என் அழைப்புக்குறி. யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று பொதுவாகக் கூப்பிடுவதுதான் போட்டியில் வழக்கம். இந்த மனிதர் என்னை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிக் கரகரவென்று இருந்தது.

பதில் சொன்னேன். முறைப்படி சிக்னல், என் கட்டம், எண் பத்தொன்பது.

அவர் தன் கட்டத்தைச் சொன்னார். "நம்பர், ஜீரோ ஜீரோ ஒன்."

தப்பாகப் படிக்கிறார் என்று நினைத்தேன். "நம்பர் திருப்பிச் சொல்லுங்க."

"ஜீரோ ஜீரோ ஒன்."

போட்டி முடிய அரை மணிதான் இருந்தது. விடிந்ததிலிருந்து அந்தப் பாறையில் உட்கார்ந்து ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல், முதல் எண்ணை எனக்கென்று வைத்திருக்கிறார். இனி எங்கே ஜெயிக்க?

"கிறுக்காங்க ஒங்களுக்கு?" என்று மைக்கில் கத்திவிட்டேன். தஞ்சாவூர் வரை கேட்டிருக்கும். கேட்கட்டும். "மத்தவங்களுக்குப் பதில் சொல்லுங்க மொதல்ல!"

"சொல்றேன். மொதல்ல ஒனக்குச் சொல்லணும்னு இருந்தேன்."

கண் மறைத்தது. டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்கைச் சிந்திவிட்டு மைக்கை எடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். எண் இருபது.