கன்றுக்குக் கட்டிய போர்வை

அம்மாவுக்குச் சமாதானம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நாற்பது நாளில் நினிவே அழியும் என்று நம் ஊர் யோனா இங்கே வந்து முழங்கினார். நடுங்கிப்போன அரசன், மக்களோடு மாடுகளும் இரட்டு என்னும் முரட்டுத் துக்கத்துணி உடுத்திப் பட்டினி கிடக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். இரட்டுத் துணி கிடைக்காமல், நீ ஆட்டுமயிரில் நெய்த போர்வையையே கிழித்து எஜமானின் கன்றுக்குக் கட்டினேன். உன் அடுப்புப் புகை மணம் அதில் இன்னும் இருந்தது.

கடவுள் இரங்கினார், நகரம் தப்பியது. யோனாவுக்குத்தான் ஆத்திரம். நானும் இவர்களோடு அழுது வேண்டியதைக் கேட்டு என்னிடம் கத்தினார்.

“நம்ம ஊரைக் கொளுத்தினவனுங்களுக்காடா அழுத? வெட்கமாயில்ல?”

“இந்தக் கன்னுக்குட்டி எந்த ஊரைக் கொளுத்துச்சு? கடவுளே விட்டுட்டாரு, உங்களுக்கென்ன?” என்றேன்.

அப்பா திட்டினால் திட்டட்டும். இங்கே குளிர், வேறு போர்வை அனுப்பு. அகலமாகவே நெய். கன்று வளர்ந்துவிட்டது.

ஏலோன்