எட்டுத் தக்காளி, ஐந்து கப் தண்ணீர்

ஜூன் 2

பாப்பாவின் சித்திக்கு,

நலம். உங்கள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து பாப்பா, "சித்தி வெக்கிற சூப்தான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீ கொடுத்தனுப்பிய குறிப்பைப் படித்தேன். மருந்துக் கடையில் பதினோரு வருடம் சீட்டுப் படித்த கண் இது. எட்டுத் தக்காளி, ஒரு வெங்காயம், ஐந்து கப் தண்ணீர், வடிகட்டவும் என்கிறாய். அது தண்ணீராகத்தான் ஓடும். இவளோ, "ஸ்பூன விட்டா அப்படியே நிக்கும்மா" என்கிறாள். எதையோ அரைத்து ஊற்றியிருக்கிறாய், எழுதவில்லை. நிலக்கடலை துளி பட்டாலும் அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். என்ன போட்டாய்?

பாப்பாவின் அம்மா

ஜூன் 7

அக்காவுக்கு வணக்கம்.

கடலை என் வீட்டு வாசற்படி ஏறாது. அவருக்கே வாங்கித் தருவதில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தால் தானாகக் கெட்டியாகும். பாப்பாவுக்குத் தைக்கும் சட்டையில் கை மட்டும் பாக்கி. அடுத்த விடுமுறைக்கு அனுப்புவீர்கள்தானே?

தங்கை

ஜூன் 11

பாப்பாவின் சித்திக்கு,

நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஐந்து கப் பாதியாகச் சுண்டினாலும் ஸ்பூன் நிற்காது. மழுப்பாதே. ஒரு சூப்புக்கே உண்மை சொல்லாதவளிடம் பிள்ளையை எப்படி விடுவேன்? விடுமுறைக்கு அவள் வரமாட்டாள்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 15

அக்காவுக்கு,

முந்தின நாள் மீந்த சோறு. ஒரு கரண்டி எடுத்து அரைத்து ஊற்றினேன். வேறு எதுவும் இல்லை, சத்தியமாக. சித்திக்காரி பிள்ளைக்குப் பழைய சோறு போட்டாள் என்று நீங்கள் நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் எழுதவில்லை. மறைத்தது தப்பு. அவள் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள், அக்கா. அவளை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

இப்போதுதான் கணக்குச் சரியாக வருகிறது. எனக்குக் கோபம் பழைய சோற்றின் மேல் இல்லை. என் வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் சாப்பிடுகிறாள். நேற்று வைத்தேன். ஸ்பூன் நின்றது. "சித்தி வெச்சா இன்னும் நல்லாருக்கும்" என்றாள் கழுதை. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறாள். மூச்சு அடைத்தால் போடும் ஊசி அவள் பையில் இருக்கும். இதுவரை அவள் அப்பாவுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தொடையில் எந்த இடம், எத்தனை நொடி அழுத்த வேண்டும், பிறகு எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், எல்லாம் பின்பக்கம் உனக்கு எழுதியிருக்கிறேன். அக்கா எழுதியது என்று அப்படியே நம்பிவிடாதே. எங்காவது இடித்தால் உடனே கேள், நான் உன்னைக் கேட்டதைவிடக் கடுமையாகக் கேள்.

அக்கா