அங்கிள் முன்னாலே போயிருக்கிறார்

திகன,
வியாழக்கிழமை

அன்பு மகள் அகீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போதுமாக உடுத்து, மனசில் பாரமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டு உம்மா எழுதுகிறேன். வாப்பா சுகம். நானும் சுகம்.

போன் இருக்கிற காலத்தில் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தால் டொரீன் அன்ட்டி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறா. தமிழ் அவவுக்கு விளங்காது. ஆனால் புருசன் லெஸ்லியின் பெயர் விளங்கும், என் முகம் விளங்கும். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு அவ புறப்பட முந்தி அவவின் கைப்பையில், பாஸ்போட்டுக்குப் பின்னால் இதை வைத்துவிடுவேன். நீ அங்கே இங்கிலாந்து எயார்போட்டுக்கு வந்தால் உன் கையில் கிடைக்கும். லீவு தருவார்களோ தெரியாது என்று நீ சொன்னதை மறக்கவில்லை. நீ வராவிட்டால் இதை அங்கே வாசிக்க ஒருவரும் இல்லை.

லெஸ்லி அங்கிள் பேராதனை ஆஸ்பத்திரியில் மௌத்தாகி, நாங்கள் அடக்கம் செய்தபோது அன்ட்டி எப்படி இருக்கிறா என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். தைரியமாக இருக்கிறா என்று நான் சொன்னேன். அது உண்மைதான். மஹியாவ மையவாடியில் தன் கையாலேயே மண் போட்டா. வந்த எல்லோருக்கும் நன்றி சொன்னா, வாப்பாவின் கடையில் வேலை செய்கிற சுரேஸின் கையைக்கூடப் பிடித்துச் சொன்னா. அடுத்த கிழமை பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். லெஸ்லி வரட்டும், சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றா.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எடுத்துச் சொன்னேன். அவ அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி அழுதா. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் கேட்டா, திரும்பவும் சொன்னேன், திரும்பவும் அதே அழுகை. எத்தனை தடவைதான் ஒரு மனுசிக்கு அவவுடைய புருசன் மௌத்தான செய்தியைச் சொல்வது? வாப்பாதான் போதும் என்றார். அதோடு நாங்கள் சொல்வதை விட்டுவிட்டோம். கேட்டால் பேச்சை மாற்றுவோம்.

பிறகு யோசித்துப் பார்த்தால், இது அங்கிள் இருக்கும்போதே தொடங்கியிருக்கிறது. அவர் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. கடையில் அவ சில்லறை எண்ணத் தடுமாறினால் அவர் முந்திக்கொண்டு கொடுத்துவிடுவார். யாராவது ஒன்று கேட்டால் அவவுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். விசா நீடிக்கப் போகும்போதும் அப்படித்தானாம். அவர் பேச, அவ பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பா. நாங்கள் அதை அன்னியோன்னியம் என்று நினைத்தோம்.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் பென்சன் எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் இருந்து இங்கே வந்தார்கள். எங்கள் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, குளத்தைப் பார்த்தபடி கடைசிவரை இருந்துவிட்டுப் போய்விடுவோம் என்றார்கள். போய்விடுவோம் என்று அவர்கள் சொன்னது இங்கிலாந்துக்கு அல்ல. விசா எல்லாம் அங்கிளின் பெயரில், அன்ட்டியின் விசா அவருடையதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் போனபிறகு அது எதோடு ஒட்டும் என்று எங்களுக்கு யோசனையே வரவில்லை, ஒரு நாள் வாப்பா பாஸ்போட்டைத் திறந்து திகதியைப் பார்க்கும்வரை.

முதலில் கண்டியில் போய்க் கேட்டார். இது கொழும்பில்தான் பார்க்க வேண்டும், ஆளும் நேரில் வர வேண்டும் என்றார்கள். வான் பிடித்துக்கொண்டு விடியச் சுபஹ் தொழுகையோடு புறப்பட்டோம். கடுகண்ணாவையில் தேத்தண்ணிக்கு இறங்கினபோது அன்ட்டிக்கு நல்ல சந்தோசம். பள்ளத்தாக்கைக் காட்டி உன் பெயரைச் சொன்னா. உனக்கு ஏதோ ஒரு பாட்டை அந்த இடத்தில் வைத்துப் படித்துக் கொடுத்தாவாமே?

அந்த ஒபிஸில் எங்களை ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை மகள். அதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். வயசான ஆள் என்று முன்னுக்குக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த மிஸ் இங்கிலீசில், நீங்கள் இலங்கையில் தொடர்ந்து இருக்க விரும்புகிறீர்களா என்று கேட்டா. ஓம், விருப்பம் என்று அன்ட்டி சொன்னா. எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அடுத்ததாக, உங்களுக்கு யார் பொறுப்பு என்று அந்த மிஸ் கேட்டா. என் கணவர் கார் நிறுத்தப் போயிருக்கிறார், இப்போது வந்து எல்லாம் சொல்வார் என்று அன்ட்டி வாசலைத் திரும்பிப் பார்த்தா. அந்த மிஸ்ஸும் வாசலைப் பார்த்தா. வாப்பா சிங்களத்தில், குரலைத் தாழ்த்தி, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னார்.

பிறகு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அன்ட்டி அழகாக எழுதினா. டொரீன் பிளைத். பாஸ்போட்டில் இருப்பது டொரீன் ஹார்க்கர். வேறொரு விண்ணப்பப் போம் கொடுத்தார்கள், அதிலும் பிளைத் என்றுதான் எழுதினா. அது அவ கலியாணம் முடிக்க முந்தி இருந்த பெயராம். அந்தப் பெயரில் ஒரு பாஸ்போட்டும் இல்லை, விசாவும் இல்லை. தான் என்ன கேட்கிறேன் என்று தெரியாத ஒருவருக்கு நாங்கள் எப்படி விசா கொடுப்பது என்று அந்த மிஸ் வாப்பாவிடம் கேட்டா. சட்டத்தைத்தான் கேட்டா. குரலில் இரக்கம்தான் இருந்தது.

டொக்டரின் கடிதத்தைக் காட்டி, கொஞ்ச நாளைக்கு நீடித்துத் தந்தார்கள். அது முடியத் திரும்பப் போனோம், இன்னும் கொஞ்சம் தந்தார்கள். மூன்றாவது தடவை எங்களைப் பெரிய ஒபிசரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவவின் சொந்தக்காரர் யார் என்று அவர் கேட்டார். லெஸ்லி அங்கிளின் தங்கை மகன் ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார், வேறு ஒருவரும் இல்லை என்று வாப்பா சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, எழும்பி நின்று, சேர், நாங்கள் பொறுப்பெடுக்கிறோம், மௌத்தாகும்வரை எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம், எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சிங்களத்தில் சொன்னார், ஆனால் மௌத் என்ற சொல் அப்படியே வந்துவிட்டது. ஒபிசர் அவரை உட்காரச் சொன்னார். நீங்கள் இவவுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

வாப்பா என்ன உறவைச் சொல்வார்? வீட்டுக்காரன் என்று சொல்வதா? மேல்மாடிக்கு வாடகை வாங்குகிறவன் என்று சொல்வதா? நான் பக்கத்தில் இருந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஆக்களுக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்த அந்த மார்ச் மாதம் எனக்கு ஞாபகம் வந்தது. நீயும்தான் இருந்தாய். பகல் நேரம், சந்தியில் புகை எழும்பிவிட்டது, கேட்டுக்கு வெளியே கும்பலின் சத்தம். எங்கள் மூன்று பேரையும் மேலே கூட்டிக்கொண்டு போய் அறையில் வைத்து, அங்கிள் படியில் உட்கார்ந்தார். அன்ட்டி மட்டும் கீழே போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா. உள்ளே யார் என்று அவன்கள் கேட்க, என்னுடைய குடும்பம் என்று சொன்னா. ஒரு சொல்தான். அவன்கள் போய்விட்டான்கள். இதை அந்த ஒபிசருக்குச் சொல்லுங்கள் என்று நான் வாப்பாவின் கையைத் தட்டினேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். வெளியே வந்தபிறகு, அதையெல்லாம் சொல்லிக் கெஞ்சினால் அன்ட்டி செய்ததைக் கடையில் வைத்து விற்கிற மாதிரி இருக்கும் என்றார். எனக்கு இன்னும் அதில் உடன்பாடில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று அவர் சொல்கிறார்.

இந்த மாதத்தோடு போக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அங்கிளின் தங்கை மகனை வாப்பா குறை சொல்கிறார், நான் சொல்லமாட்டேன். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவவைக் கண்டதுதானாம். இருந்தும் கடலுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல இல்லத்தில் இடம் எடுத்திருக்கிறார், டிக்கட் அனுப்பியிருக்கிறார், பிளேனில் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வர எயார்லைன் ஆட்களிடமும் சொல்லியிருக்கிறார், எயார்போட்டுக்கும் வருவார். ஆனால் அன்ட்டி அவரைக் கண்டு யார் என்று அறியமாட்டா. உன்னை அறிவா. உன் படத்தைக் காட்டினால் இன்றைக்கும் பெயர் சொல்கிறா.

கீழே நீ படுத்த அறைக்கு வாப்பா புதிதாகப் பெயின்ட் அடித்தார். பாத்ரூம் சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பியும் பூட்டினார். அது மூன்றாவது தடவை கொழும்புக்குப் போக முந்தி. இப்போது அந்தப் பக்கம் அவர் போவதே இல்லை.

இனி, நான் எதற்காக இதை எழுதத் தொடங்கினேனோ அதைச் சொல்கிறேன்.

அன்ட்டி சாமான் கட்ட விடவில்லை. நான் பெட்டியில் உடுப்பை வைப்பேன், அவ எடுத்துத் திரும்ப அலுமாரியில் அடுக்குவா. லெஸ்லி இல்லாமல் நான் எங்கேயும் வரமாட்டேன் என்றா. ஒரு நாள் என் கையில் இருந்த சட்டையைப் பறித்துக்கொண்டு, என்னைத் தள்ளிவிட்டா. எனக்குப் படவில்லை, ஆனால் அவவே பயந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டா. லெஸ்லி எங்கே, லெஸ்லி எங்கே என்று அதையே கேட்டா. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை மகள். உண்மையை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நாங்கள் மையத்து வீடுகளில் ஆறுதலாகச் சொல்வோமே, அவர் முன்னாலே போயிருக்கிறார், நாங்கள் பின்னாலே போவோம் என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அதைத்தான் சொன்னேன். அங்கிள் முன்னாலே போயிருக்கிறார், அன்ட்டி.

அன்ட்டி தலையை நிமிர்த்தினா. இங்கிலாந்துக்கா என்று கேட்டா.

நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் எங்கேயோ தொலைந்திருந்த ஒரு மனுசி வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அவர் எப்போதும் இப்படித்தான், எனக்குச் சொல்லாமல் எல்லா ஏற்பாடும் செய்துவிடுவார் என்று சிரித்தா. அன்றைக்கே தானாகப் பெட்டியை இழுத்துக் கட்டத் தொடங்கினா. அவர் தன் கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அங்கே குளிருமே என்று அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தா. அதற்குப் பிறகு ஒரு நாளும் அழவில்லை, நன்றாகச் சாப்பிட்டா. இன்றைக்குக் காலையில் கண்ணாடிக்கு முன்னால் இருந்து, தலைமுடியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொன்னா. அவருக்கு நீளமாக இருந்தால் பிடிக்காதாம். நான் வெட்டிவிட்டேன்.

வாப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. ஏசவும் இல்லை. நீ செய்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது றம்ஸியா, ஆனால் எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மருந்துக் குளிசைகள் நீலப் பையில் இருக்கின்றன, வேளை வேளைக்குப் பிரித்து எழுதியிருக்கிறேன். லிப்டுக்குள் பயப்படுவா, கையைப் பிடித்துக்கொள். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பா, ஆனால் போட்டால்தான் குடிப்பா. குளிக்க வைக்கும்போது அவசரப்படுத்தக் கூடாது என்று அந்த இல்லத்தில் உள்ளவர்களிடம் சொல்லு. நீ அங்கே மற்றவர்களின் உம்மா வாப்பாவைக் குளிக்க வைக்கிற பிள்ளை, உனக்குச் சொல்லத் தேவையில்லை.

உன்னுடைய விசா என்ன மாதிரி? கம்பனி புதுப்பித்துத் தருமா என்று கேட்டால் நீ சிரித்துவிட்டு வேறு கதை கதைக்கிறாய். நானும் தோண்டிக் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கவுண்டருக்கு முன்னால் அன்ட்டியின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு உன்னுடைய ஞாபகம்தான். உண்மை எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லு. வந்துவிடு என்றும் சொல்லமாட்டேன், இரு என்றும் சொல்லமாட்டேன். தெரிந்திருந்தால் போதும்.

அங்கிள் எங்கே என்று அன்ட்டி உன்னிடம் கேட்பா. வாசலைத் தாண்டியதும் கேட்பா. எப்போது, எப்படிச் சொல்வது என்று என்னைவிட உனக்குத் தெரியும், சொல்லாமலே விடுவதா என்பதும் உன் விருப்பம். சொல்வதாக இருந்தால் நின்ற நிலையில் சொல்லாதே, சனம் இடிக்கிற இடத்தில் சொல்லாதே. முதலில் எங்கேயாவது உட்கார வைத்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடு.

கோபப்படுவா. தன்னை ஏமாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்வா. அப்போது நீ எனக்காகப் பேச வராதே. பொய் சொன்னது றம்ஸியா, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லு. என் பெயரைத் தெளிவாகச் சொல்லு. அவ என்னை வெறுத்தால் பரவாயில்லை மகள், உன் கையை மட்டும் உதறிவிடக் கூடாது. அந்த ஊரில் அவவுக்கு வேறு கை இல்லை.

அல்லாஹ் அவவின் மனசை லேசாக்கி வைக்கட்டும். நீ நிற்கிற இடத்தில் உன்னை நிற்கவிடுகிற மனிதர்களை உனக்குத் தரட்டும். எங்களுடைய கண் மூடுவதற்குள் உன்னை ஒரு தடவை இந்த வீட்டில் காணவும் வைக்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
உம்மா றம்ஸியா