கொக்கி வைத்த பனியன்

நேற்று நம் அறையைக் காலி செய்தேன். பரண் மேல் கிடந்த ரெக்சின் பையை உதறினால் பழைய சம்பளச் சீட்டுகள், அறுந்த ஷூ லேஸ், எல்லாவற்றுக்கும் அடியில் உன் பனியன். ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே, தோல் நிறத்தில், முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை கொக்கி வைத்தது, அதுதான். மூன்று வருஷம் ஆகியும் மருந்து வாசனை முழுசாகப் போகவில்லை. அது மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரன் கீழே ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். அடித்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம்தான். தெரிந்தே எழுதுகிறேன். உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். நேற்று சாயங்காலம் அதை மீறிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் அந்த வரிசை அறைகளுக்கு நாம் வந்தது ஒரே வாரத்தில். நான் சங்கரன்கோவில் பக்கம், நீ சாத்தான்குளம் பக்கம். ஷிப்ட் முடிந்து வந்ததும் எல்லோரும் சிமென்ட் தொட்டியைச் சுற்றி இடுப்பில் துண்டோடு நின்று குளிப்போம். நீ மட்டும் சட்டையோடு. முதல் மாதமே கேட்டவன் நான்தான். “ஏல, புதுப்பொண்ணு மாதிரி என்னல கூச்சம்? கழத்துல!” எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போதே யாராவது என் வாயில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

சித்திரை வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுவாய். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் புதுசாக நாலைந்து கொண்டு வருவாய். எல்லாம் உடம்பைப் பிடிக்கிற மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் நீல நூலில் கைத்தையல். “கடையில இப்படித்தாம் விக்காம்” என்றாய். எந்தக் கடைக்காரன் கையால் தைத்து விற்கிறான் என்று நான் யோசிக்கவே இல்லை.

பெர்மனென்ட் ஆக்குவதற்கு முன்னால் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள் அல்லவா? சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கவேண்டும். நீ கம்பெனி வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாய். நாலு வருஷம் நாய் மாதிரி உழைத்துவிட்டு, கிடைக்கிற நேரத்தில் ஓடிப்போனால் கோபம் வருமா வராதா? அறைக்கு வந்து கத்தினேன். நீ கதவைச் சாத்தினாய். சட்டையைக் கழற்றினாய், ஒரு பனியன், இன்னொரு பனியன். உள்ளே நெஞ்சு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

“பன்னெண்டு வயசுல இருந்து இப்படித்தாம் மாப்ள. தண்டால் எடுத்துப் பாத்தேன், பட்டினி கெடந்து பாத்தேன். போவ மாட்டேங்கு. வீட்டுக்குக்கூட தெரியாது.”

அழுதது நீ இல்லை, நான். நீ என்னைப் பார்த்து, “இப்பம் யாருல புதுப்பொண்ணு?” என்றாய்.

அடுத்த வாரமே சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு அந்த டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: “இது நிறைய பசங்களுக்கு வரும்ப்பா. முக்கால்வாசிப் பேருக்குத் தானாப் போயிடும், உனக்குப் போகல. பயப்படற மாதிரி நோய் எதுவும் இல்ல. உள்ள இருக்கிறது வெறும் கொழுப்பு இல்ல, சுரப்பி. தண்டால் எடுத்தாக் கரையாது. வேணாம்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்.” திரும்பி வரும்போது பஸ்ஸில் பூந்தமல்லி வரைக்கும் நீ ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தாய். “நோய் இல்லியாம் மாப்ள. நோய் இல்லியாம்.”

கம்பெனியில் குடலிறக்கம் என்று சொல்லி லீவு வாங்கினோம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உறவுமுறை என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னைவிட ஆறு மாதம் சின்னவன் நான். அதற்கும் ஒரு முறைப்பு முறைத்தாய். உள்ளே கொண்டு போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாய். “எங்கம்மாவுக்கு மட்டும் என்னைக்கும் தெரியக் கூடாது. பெத்த வயித்துல என்ன கோளாறுன்னு நெனச்சு அழுதே செத்துருவா. சத்தியம் பண்ணுல.” பண்ணினேன்.

இரண்டு பக்கமும் காம்பைச் சுற்றி அரைவட்டமாகக் கீறி, உள்ளே இருந்ததை எடுத்துத் தைத்திருந்தார்கள். இரண்டு நாள் குழாய் தொங்கியது. கையைத் தூக்கக்கூடாது என்பதால் உனக்குத் தலை சீவிவிட்டது நான். வகிடு கோணல் என்று திட்டு வாங்கியதும் நான். அந்தக் கொக்கிப் பனியனை ஆறு வாரம் கழற்றக்கூடாது, துவைப்பதற்கு மாற்று ஒன்று. வெளியே காயப்போட்டால் பயல்கள் கேட்பார்கள் என்று அறைக்குள்ளேயே கொடி கட்டி, மேலே துண்டைப் போட்டு மறைத்து வைத்தோம். அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று வீட்டுக்கார அக்கா தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா பார்க்க வந்தாள். மின்விசிறிக் காற்றில் துண்டு நழுவி விழுந்தது.

“இன்னாடா இது? கொக்கி கீது! பொம்பள துணிடா இது! கம்பெனிக்குப் போற பசங்களாச்சேன்னு வூடு குடுத்தா, பொம்பளையக் கூட்டியாந்து வெச்சிகினு கீறீங்களா?”

அவள் தொண்டைக்கு எட்டு அறையும் கூடிவிட்டது. நீ பாயில் படுத்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன், சத்தியம் ஞாபகம் வந்தது. “ஆமாக்கா. நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். அடுத்த மாதம் எனக்கு நிச்சயதார்த்தம் என்று அவளுக்குத் தெரியும். “உங்க அப்பனுக்கு இப்பவே போன் போடறேன் பாரு” என்று திரும்பினாள்.

நீ எழுந்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தூக்க முடியாத கையால் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். அத்தனை பேர் முன்னால். உள்ளே அதே மாதிரி இன்னொரு கொக்கிப் பனியன்.

“அது என்னுதுக்கா. நெஞ்சு பொம்பளைக்கு மாதிரி இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கேன். அவன் பொய் சொல்லுதான். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க.”

கூட்டத்தில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். “அட நைனா, இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்றாள். கொடியில் கிடந்ததை உருவிக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசல் கொடியில் போட்டாள். “வெயில்ல காயணும்டா இதெல்லாம். இல்லாங்காட்டி நாறும்.” மத்தியானம் முட்டைக் குழம்பும் வந்தது. என்னைக் காப்பாற்ற நீ செய்த காரியத்தை நான் யாருக்காகவாவது செய்திருப்பேனா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஆறு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்தோம். வழியில் ஒரு வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நீ பைக்கை நிறுத்தினாய். சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, உடனே தண்ணீருக்குள் போகாமல் சும்மா நின்றாய்.

“மாப்ள, வெயில் நெஞ்சுல படுதுல.”

பிறகு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வயல்காரர் வந்து மோட்டாரை நிறுத்தித்தான் உன்னைக் கிளப்ப முடிந்தது.

அதற்குப் பிறகு இருபதே நாள். காலை ஷிப்டுக்குப் போகும்போது ஒரகடம் ரோட்டில் லாரி. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஊரில் உன்னைக் குளிப்பாட்டிய உன் மாமா தழும்புகளைப் பார்த்துவிட்டார். உன் அம்மா என்னிடம் வந்து கேட்டாள். “கம்பெனியில ஒரு சின்ன அடிம்மா, தகரம் கிழிச்சிட்டு” என்றேன். ஒவ்வொரு வருஷமும் உன் நினைவு நாளுக்குப் போகிறேன். இலை போட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு வருஷமும் அதையே கேட்கிறாள். “அது என்ன தழும்புய்யா? எம்புள்ளைக்கு வலிச்சுதா?” நானும் அதே தகரத்தைச் சொல்வேன்.

நேற்று அந்தப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. சாமானைப் புது வீட்டில் இறக்கியதும் முதல் வேலையாக உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுது மயங்கிவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

“தெரியும்யா” என்றாள். “எட்டாப்பு படிக்கையில இருந்தே தெரியும். புதுப் பனியன் வாங்குனா ரெண்டு பக்கமும் புடிச்சுத் தச்சு மடிச்சு வச்சிருவேன். அவனும் கேக்க மாட்டான், நானும் சொல்ல மாட்டேன். சொன்னா கூசிப் போவாம்லா. மாமன் தழும்புன்னு சொன்ன அன்னைக்கே நெனச்சேன். உன் வாயால சொல்லிர மாட்டியான்னுதான் வருசா வருசம் கேட்டுப் பாத்தேன்.”

நீல நூல். என் மரமண்டைக்கு அது ஏழு வருஷம் உறைக்கவில்லை. உனக்கு உறைத்திருக்கும், இல்லையா? தெரிந்துகொண்டேதான் தெரியாத மாதிரி போட்டுக்கொண்டாயா? இதைக் கேட்க நீ இல்லை.

பிறகு அம்மா கேட்டாள். “ஒரு நாளாவது சட்டையில்லாம குளிச்சானாய்யா?”

பம்புசெட்டைச் சொன்னேன். வெயில் படுகிறது என்று நீ சொன்னதையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுகைக்கு நடுவே, “தண்ணி குளுந்து கெடந்துச்சா?” என்றாள்.

“குளுந்து கெடந்துச்சும்மா.”

“அத மட்டும் எங்கிட்ட கொண்டாந்து குடுத்துருய்யா” என்றாள், பனியனை.

சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவதென்றால் திட்டிக்கொள். இந்த வாரம் மனைவியும் பிள்ளையும் ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறார்கள், வந்ததும் எல்லோருமாக உன் ஊருக்குப் போகிறோம். பனியனை இன்று காலை துவைத்தேன். மொட்டைமாடியில் நாலு வீட்டுக்கும் ஒரே கொடி. அதன் நடுவில், மேலே துண்டு போடாமல், நல்ல வெயிலில் காயப்போட்டிருக்கிறேன்.